ச என்ற எழுத்தும் அறுநூற்றைம்பது லிங்க்கும்

சரிவான நிலத்தில் சங்கிலி போட்டு அளந்த தூரத்தை, அந்தச் சரிவின் கோணத்தைக் கொண்டு படுக்கைத் தூரமாக மாற்றிய பிறகே வரைபடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கோணம் எழுதப்படாத கோட்டைக் கணக்கில் சேர்க்காமல், புலப்புத்தகத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இந்த விதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. இன்னொருவன் நான். அதை மீறியவனும் நான்தான்.

நான் அப்போது ஜொகூர் பாருவில் நில அளவை அலுவலகத்தில் கணக்குக் கிராணி. சிங்கப்பூருக்குப் பாலம் திறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வெளியே போகிறவர்கள் வெயிலிலும் அட்டைக்கடியிலும் அளந்து எழுதிய புத்தகங்கள் என் மேசைக்கு வரும். நான் மடக்கைப் புத்தகத்தை விரித்து வைத்து, அளக்காத பக்கங்களையும் கோணங்களையும் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் எழுதுவேன். சேற்றில் கால் வைக்காமலே ஒரு மாநிலத்தின் பாதி எல்லைகளை நான் நட்டிருக்கிறேன் என்று அந்த நாளில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

செங்கோண முக்கோணம் நியாயமான பிராணி. செங்கோணத்தைத் தவிர இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். அதில் ஒன்று பக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அதுவே சொல்லிவிடும். குன்றின் மேல் இழுத்த சங்கிலி கர்ணம். குன்றின் உயரம் நிமிர்ந்து நிற்கும் பக்கம். சட்டத்துக்கு வேண்டியது இந்த இரண்டும் அல்ல, கீழே படுத்திருக்கும் அடிப்பக்கம். சர்க்கார் யாருக்கும் மலையைத் தருவதில்லை. மலையின் நிழலை, அதுவும் உச்சிவெயிலில் விழும் நிழலைத்தான் தருகிறது. கிராண்ட் என்று பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்களே, அந்தப் பத்திரத்தில் இருப்பது நிழலின் நீள அகலம்.

உலு திராம் பக்கம் ஒரு குன்று. அதன் அடியில் ரோடு. ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு துண்டு நிலம், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் பெயரில் கிராண்ட் ஆகியிருந்தது. ரோட்டுக் கல்லிலிருந்து மேட்டுக் கல் வரை அறுநூறு லிங்க் என்று கிராண்ட் சொன்னது. ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நூறு லிங்க் ஒரு சங்கிலி. மேட்டுக் கல்லுக்கு அப்பால் ஒரு பெரிய ரப்பர் தோட்டம். தோட்டத்துக்காரர்கள் தங்கள் எல்லையைப் புதிதாக அளந்து தரும்படி கேட்க, ஓர் அளவையாளர் போனார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு கோடு பாக்கி இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. கோணம் பார்க்கும் தியோடலைட்டோடு அவர் டவுனுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கடைசிக் கோட்டைச் சங்கிலி பிடிக்கும் ஆட்களுக்குத் தலைவரான மண்டோர் தனியாக அளந்து, பென்சிலால் எழுதி அனுப்பினார்.

650 ச.

இதுதான் அவர் எழுதியது. கோணத்துக்கான கட்டம் காலி. மண்டோருக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. 'ச' என்றால் சமம், தரை சமமாக இருக்கிறது, கோணம் தேவையில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். என் அறையில் இன்னும் மூன்று கணக்குக் கிராணிகள் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. அந்தப் புத்தகம் அவர்களில் யாரிடம் போயிருந்தாலும், இது என்ன கிறுக்கல் என்று கேட்டு அன்றே திருப்பி அனுப்பியிருப்பார்கள். எனக்குத் தமிழ் தெரிந்ததுதான் வினை.

அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில் அறுநூற்றைம்பது. அப்படியானால் மேட்டுக் கல் ஐம்பது லிங்க் மேலே போயிருக்கிறது. முப்பத்து மூன்று அடி தோட்டத்து நிலம் உள்ளே வந்திருக்கிறது. நான் இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரி மேலே போய், அறிவிப்பாக மாறிக் கீழே வந்தது: எல்லைக் கல் கீழே இறக்கி நடப்படும், அந்த எல்லைக்கு மேலே இருக்கும் கட்டடத்தை ஜனவரி முடிவதற்குள் அகற்ற வேண்டும். அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது என்பதே எனக்கு அறிவிப்பைப் படித்தபோதுதான் தெரியும்.

அக்டோபர் கடைசியில் நிலத்துக்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டையில் ரப்பர் பால் கறை. அறிவிப்பை நாலாக மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கிராணி ஐயா, இந்தக் காயிதம் எனக்குத்தானான்னு பாருங்க. இதுல இருக்கறவன் கல்லத் தூக்கிக்கிட்டு மல ஏறினவனாம்."

"உங்களுக்குத்தான்."

"நான் அதத் தொட்டதே இல்லீங்க. தூக்க நாலு ஆளு வேணும். எங்க வீட்டுல நானும் சம்சாரமும் ரெண்டே பேரு."

"யாரு தூக்கினதுன்னு அதுல எழுதல. நகர்ந்திருக்குன்னுதான் எழுதியிருக்கு. ஆட்சேபண இருந்தா எழுத்துல குடுங்க."

"கல்லு தானா நகந்தா கீழதானேங்க உருளும்? மேல ஏறுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அலமாக், நடக்கிற கல்லுலா என்று மலாய் கலந்து வியந்தார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. வரைபடத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தேன். "இது ரோடு. இது உங்க கல்லு. கிராண்டுல அறுநூறு. இப்ப அளந்தா அறுநூத்தம்பது. தரை சமமா இருக்கறப்போ..."

"சமமா?" அவர் காகிதத்தின் மேல் குனிந்து பார்த்தார். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "யாருங்க சொன்னா சமம்னு? கீழ இருந்து தண்ணி எடுத்துக்கிட்டு ஏறுறப்ப என் சம்சாரம் மூணு எடத்துல உக்காந்து எந்திரிக்குது. உங்க காயிதத்துல மல இருக்குங்களா, இல்லீங்களா?"

என் காகிதத்தில் மலை இல்லை.

அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். படிக்குக் கீழே சாமான் அறையில் மண்டோர் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"மண்டோரே, உலு திராம் புத்தகத்துல ச-ன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"சரிவு. வேற என்ன?"

"நான் சமம்னு நெனச்சுட்டேன்."

அவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "சமமா இருந்தா எதுக்குக் கிராணி எழுதறேன்? சமம்னா சும்மா விட்டுட்டுப் போயிருப்பேனே. கஞ்சியில உப்பு சரியா இருந்தா யாராச்சும் சொல்றாங்களா?"

அன்று பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. என்னிடம் இருந்தது ஒரு கர்ணமும் ஒரு எழுத்தும். முக்கோணத்தைத் தீர்க்க அது போதாது. மூன்று பென்சில்களைச் சீவினேன். சீவியதையே மறுபடியும் சீவினேன். நிலத்துக்காரர் பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து, பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கணக்குக் கிராணி உத்தரவில்லாமல் புலத்துக்குப் போகக்கூடாது. இதுவும் எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை ஜொகூரில் வார விடுமுறை, அலுவலகம் கிடையாது. மண்டோரை அழைத்துக்கொண்டு, ஒரு சங்கிலியையும் எடுத்துக்கொண்டு உலு திராம் பஸ்ஸில் ஏறினேன். சங்கிலியை வெளியே எடுக்கவும் உத்தரவு வேண்டும். ஒரு விதியை மீறிய பிறகு அடுத்தது அவ்வளவு பாரமாக இல்லை.

தியோடலைட் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் கேட்கவில்லை. படி படியாக அளந்தோம். சங்கிலியைத் தரையோடு கிடத்தாமல் சிறிது தூரம் மட்டும் படுக்கையாகப் பிடிப்பது. கீழ்ப்பக்கம் பிடித்தவர் அந்த முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி வைப்பது. குண்டு எவ்வளவு இறங்கியது என்று கோலில் பார்ப்பது. பிறகு அடுத்த படி. நான் ஒவ்வொரு படிக்கும் இரண்டு எண் எழுதினேன்: எத்தனை படுக்கை, எத்தனை உயரம். நிலத்துக்காரர் புதரை வெட்டி வழி விட்டார். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் ஒரு பாறையைக் காட்டினார். அவர் மனைவி உட்காரும் மூன்று இடங்களில் அது இரண்டாவது.

ஏறும்போது படுக்கைத் தூரம் 599. நம்பாமல், இறங்கும்போதும் அளந்தேன். 601. உயரத்தைக் கூட்டினால் 250.

சங்கிலியில் 650, உயரம் 250, படுக்கை 600. ஐம்பதால் வகுத்துப் பாருங்கள். பதின்மூன்று, ஐந்து, பன்னிரண்டு. பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே வரும் முக்கோணம். மடக்கைப் புத்தகம்கூட வேண்டாம், விரல்விட்டுத் தீர்த்துவிடலாம். ஏழு தசம இடம் வரை கணக்குப் போடுகிறவன் என்று அலுவலகத்தில் பெயர் எடுத்திருந்த நான், ஐந்து-பன்னிரண்டு-பதின்மூன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு வியர்வையைத் துடைத்தேன்.

கல் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முதலில் கிராண்டுக்காக அளந்தவர் ஒழுங்காக அளந்து, ஒழுங்காக நட்டிருந்தார்.

வீடு கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. ரோட்டோரம் மழைக்குத் தண்ணீர் கட்டும் என்பதால் மேட்டில் கட்டியிருந்தார்கள். கூரை பல இடங்களில் கறுத்து இற்றுப்போயிருந்தது. வாசல் பக்கம் புது அத்தாப்பு அடுக்கி, சாக்குப் போட்டு மூடியிருந்தது. அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே நின்று என்னைப் பார்த்தார்.

"இந்த எடம் உங்க படத்துல எத்தன இஞ்சிங்க?"

நாலு சங்கிலி ஒரு அங்குலம் என்ற அளவில் வரைந்த படம். மனதுக்குள் கணக்குப் போட்டேன். "அரைக்கால் இஞ்சி."

"அந்த அரைக்கால் இஞ்சிலதாங்க எங்க அடுப்பு, பாய், கோழிக்கூண்டு எல்லாம் இருக்குது. பென்சில நல்லாச் சீவிக்கிட்டுக் கோடு போடுங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் நிலத்துக்காரர்.

"நான் என்ன கேட்டுட்டேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும். மழை வரப் போவுது. அத்தாப்பு வாங்கி அடுக்கியாச்சு. கூர போடலாமா, வேணாமா? பிரிக்கப் போற வீட்டுக்கு யாரு கூர போடுவா?"

"பதில் வரட்டும்" என்றேன். "நான் எழுதறேன். வந்ததும் சொல்றேன்."

தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். மறுநாள் காலை என் தாளை வாங்கிப் படித்தார். கோணம் எழுதியே ஆக வேண்டிய கட்டத்தில், உயரத்தைப் படுக்கைத் தூரத்தால் வகுத்துக் கண்டுபிடித்த கோணத்தை எழுதியிருந்தேன்: இருபத்திரண்டு டிகிரி முப்பத்தேழு நிமிஷம். பக்கத்தில் சிவப்பு மையில், அளந்ததல்ல, கணக்கிட்டது என்றும் குறித்திருந்தேன்.

"என்ன காணும், வெள்ளிக்கிழமை மலை ஏறினனீரோ?"

"ஆமாங்க."

"ஆர் உத்தரவு தந்தது?"

அவர் தாளின் முதல் வரியில் விரலை வைத்தார். நான் பிழை செய்துவிட்டேன் என்று அதில் இருந்தது.

"இதை வெட்டும். பிழை எண்டு எழுதினால் விசாரணை வரும். சந்தேகம் எண்டு எழுதினால் பதில் வரும். உமக்கு எது வேணும்?"

"பதில்."

"பிறகென்ன? சந்தேகம் எண்டு எழுதும்."

அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். அது நல்லதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கணக்கில் பிழை என்று பொறுப்பானவன் எழுதிக் கொடுத்தால், அதன் பேரில் அனுப்பிய அறிவிப்பு அன்றே நிற்க வேண்டும். சந்தேகம் என்று எழுதினால் ஒன்றும் நிற்காது. சந்தேகம் அதன் முறை வரும்வரை தட்டில் கிடக்கும். அறிவிப்பு அதன் பாட்டுக்கு ஜனவரியை நோக்கி நடக்கும். நான் உட்கார்ந்து, மேற்படி கோட்டின் சரிவு குறித்து ஒரு சந்தேகம் எழுந்துள்ளது என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். யாருக்கு எழுந்தது என்று எழுதவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஜொகூரில் வருஷக் கடைசி மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அலுவலகத்துக்கு ஓட்டுக் கூரை. மழை தொடங்கினால் மற்ற கிராணிகள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் எழுந்து போய்த் தபால் தட்டைப் பார்ப்பேன். தபால் காலையில் ஒரு முறைதான் வரும் என்று எனக்குத் தெரியும். பிற்பகலிலும் பார்ப்பேன்.

கை சும்மா இருக்கவில்லை. மாடிப்படியின் சாய்வைக் கணக்கிட்டேன். சுவரில் சாத்திய ஏணி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணக்கிட்டேன். அந்த வீட்டுக் கூரையின் சாய்வையும் ஞாபகத்திலிருந்து கணக்கிட்டேன்: வீட்டின் பாதி அகலம், முகட்டின் உயரம், நடுவே நனைந்த கர்ணம். எல்லாம் வந்தது. முதல் ஞாபகக் கடிதம் அனுப்பினேன். இரண்டாவதை "மரியாதையுடன்" என்று தொடங்கி அனுப்பினேன். மூன்றாவதை எப்படித் தொடங்குவது என்பதற்கு விதி கிடையாது. அதற்கு முன்பே பதில் வந்துவிடும் என்று விதி எழுதியவர் நினைத்திருக்கிறார்.

பதில் வரவில்லை. மண்டோர் இரண்டு முறை மேலே வந்து என் மேசையோரம் நின்றார். முதல் முறை, "என்ன ஆச்சு கிராணி?" என்றார். இரண்டாம் முறை அதையும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் நிலத்துக்காரர் வந்தார். முழங்கால் வரை சேறு. பிஸ்கட் டின் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு வீட்டப் பிரிக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒருக்க வந்து பாத்தீங்க, அதான் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"பதில் வரலியே இன்னும்."

"உங்களுக்கு வரலைங்க. எங்களுக்குத்தான் அப்பவே வந்திருச்சே. மாசக் கடைசிக்குள்ள எடுக்கணும்னு. ஆளுங்க வந்து பிரிச்சா பலகையெல்லாம் ஒடஞ்சி போயிரும். நாங்களே பிரிச்சா கீழ கொண்டுபோய்க் கட்டிக்கலாம்."

"கீழ தண்ணி நிக்குமே."

"நிக்கும். மேலயுந்தான் நிக்குது இப்ப, வீட்டுக்குள்ள. நடுவுல ஒரு பாய் அளவுக்குத்தான் காய்ஞ்ச எடம். சம்சாரத்துக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. புது அத்தாப்பு வாசல்ல கெடக்குது. அதப் பாத்துக்கிட்டே நனையுது."

நான் இருபது வருஷத்துக்கு மேல் கவுண்டர்களில் நின்றவன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லக்கூடியது எது, கூடாதது எது என்று எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. எழுத்தில் உத்தரவில்லாமல் ஒரு கிராணி வாயால் எதையும் அனுமதிக்கக் கூடாது.

"பிரிக்காதீங்க" என்றேன். "போயி கூர போடுங்க."

"பதில் வந்திருச்சுங்களா?"

"வரல. நான் சொல்றேன். கல்லு சரியாத்தான் இருக்கு. கணக்குல தப்புப் பண்ணினது நான்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். மலையை வரைபடத்தில் தேடியபோது பார்த்தாரே, அதே பார்வை. "நீங்களா?"

"நான்தான்."

"அப்ப இத்தன நாளா ஏங்க சொல்லல?"

அதற்குப் பதில் இருந்தது. பிழை எண்டு எழுதினால் விசாரணை வரும் என்று தலைமைக் கிராணி சொன்னாரே, அதுதான். அதைச் சொல்லாமல் கவுண்டரில் இருந்த தாள்களை அடுக்கினேன். அவர் காத்திருந்தார். பிறகு, "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். கூரை போடப் போகிறாரா, பிரிக்கப் போகிறாரா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல், வெட்டிய முதல் வரியை மறுபடி எழுதினேன். நான் பிழை செய்தேன். கோணம் இல்லாத கோட்டைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டேன். உத்தரவில்லாமல் புலத்துக்குப் போனேன். நிலத்துக்காரரிடம் கூரை போடும்படி என் வாயால் சொன்னேன். கடைசி வரியைத் தலைமைக் கிராணி இரண்டு முறை படித்தார்.

"உமக்கு விசர்" என்றார். பைத்தியத்துக்கு அவர் ஊர்ச் சொல் அது. ஆனால் அன்றைய தபாலிலேயே அனுப்பினார், தன் கையெழுத்தையும் கீழே போட்டு.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நீண்ட நாட்களை நான் பார்த்ததில்லை. அதுவரை எது வந்தாலும் அது அவர் வீட்டைப் பற்றியது. இப்போது அவர் என் வார்த்தையை நம்பிக் கூரை போட்டு, மேலிடம் என் கணக்கை ஏற்காவிட்டால், புதுக் கூரையோடு சேர்த்துப் பிரிப்பார்கள். படுக்கையை மறுபடி மறுபடி கூட்டினேன். ஒரு முறை 581 வந்தது; ஒரு படியை விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பஸ் நிலையம் வரை போய், உலு திராம் பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஏறத் தைரியமில்லை. அடுத்த நாள் மண்டோர்தான் படியில் என்னை நிறுத்திச் சொன்னார்:

"உலு திராம் போயிருந்தேன். பாதிக் கூர ஏறியிருக்கு. ச கதைய நான்தான் சொன்னேன். அந்தம்மா கேட்டுச்சு, உங்க கிராணிக்கு ச இப்பவாச்சும் வாசிக்க வருதான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படிச்சுக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன்."

பாதிக் கூரை. மாதம் முடிய ஐந்து நாள்.

பதில் ஒரே பக்கம். முக்கால் பக்கம் என்னைப் பற்றியது: விளக்கம் கேட்டிருந்தார்கள், என் பணிக் குறிப்பேட்டில் ஏற்றப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அதை நான் பிறகுதான் படித்தேன். கண் நேராகக் கீழே போனது. மேட்டுக் கல் இப்போதிருக்கும் இடமே சரியான இடம். நிலத்துக்காரருக்கு அனுப்பிய அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. வந்த தபால் ஏட்டில் அதைப் பதிவு செய்ய வேண்டியது வேறொருவரின் வேலை. நான் ஏட்டை அவரிடமிருந்து வாங்கி, என் கையாலேயே எழுதினேன்: ஜனவரி இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.